கன்றுக்குட்டி இல்லாத படம்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு மங்கு கவிழ்த்து வைத்திருக்கிறது. பீங்கான் பூச்சுப் பூசிய இரும்பு மங்கு. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு. விளிம்பில் ஓரிடத்தில் பூச்சுப் பெயர்ந்து இரும்பு கறுப்பாகத் தெரியும். அடிப்பக்கம் ஒரு நசுங்கல். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயங்களில் வீட்டுக்கு வீடு இருந்த சாமான்தான். இதில் யாரும் சாப்பிடுவதில்லை. வீடு மாறும்போதெல்லாம் என் மகள் இதைத் தூக்கிப் போடப் பார்ப்பாள், நான் விடமாட்டேன். அப்படி என்னம்மா இதில் இருக்கிறது என்று கேட்டால், "இது சினிமாவுல நடிச்ச மங்கு, மரியாதையாப் பேசு" என்பேன். அவள் சிரிப்பாள். நான் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குச் சென்ற ஆண்டுதான் தெரிந்தது.

மகளுக்குப் புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகத்து நூலகத்தில் வேலை. அங்கே யாரோ பழைய படங்களைத் தேடி எடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு நாள் மாலை வந்ததும் வராததுமாகக் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அம்மா, இதுல வர்றவங்க உங்க அத்தை மாதிரி இல்ல? நீங்க வச்சிருக்கிற போட்டோல இருக்கிற முகம்தான் லா." மாதிரி என்ன மாதிரி, அத்தையேதான். உள்ளங்கை அகலத் திரையில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கையில் இதே மங்கை ஏந்திக்கொண்டு, முள்வேலிக் கதவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். பின்னணியில் ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் குரலும் எனக்குத் தெரிந்த குரல்தான். கைப்பேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அத்தை ஒரு பேய்க்கதை சொல்வாள். அந்தக் கதையிலிருந்துதான் அந்தப் படத்தை எடுத்தார்கள். இரண்டையும் அறிந்தவர்களில் இன்றைக்கு மிச்சமிருப்பது அநேகமாக நான் ஒருத்திதான். கதை புத்தகத்தில் இல்லை. படம்தான் இருக்கிறது, இனி எப்போதும் இருக்கும் போலவும் தெரிகிறது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். எனக்குச் சினிமா விமர்சனம் எழுதத் தெரியாது. ஆனால் இந்த ஒரு படத்தைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கோல சிலாங்கூருக்கும் ஈஜோக்குக்கும் நடுவே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து வீட்டில் இருந்தாள். பிள்ளை இல்லை. மாமாவும் அவளும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார்கள், ஒரு பசு வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்ததும், காட்டுக்குள் இருந்து அதை எதிர்த்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட்டு. காலையில் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். அப்புறம் வெளியே யாரைக் கண்டாலும் சுடலாம். பகலில் மரம் வெட்டப் போகிறவர்கள்கூட வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. கேட்டில் துப்பாக்கியோடு நிற்கும் மலாய்க் காவல்காரர்கள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள், பால்வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், பெண்களின் முந்தானையை உதறச் சொல்வார்கள். வெறும் தேநீரைக் குடித்துவிட்டு மதியம்வரை மரம் வெட்டிய காலம் அது.

ஒரு நாள் மாலை மாமாவின் கன்றுக்குட்டி வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. தாய்ப்பசு உள்ளே கத்துகிறது, கன்று வெளியே கத்துகிறது. கேட்டுப் பூட்டச் சிறிது நேரம்தான் இருந்தது. மாமா இந்த மங்கில் தவிடும் கஞ்சியும் கலந்து எடுத்துக்கொண்டு ஓடினார். கன்றுக்கு மங்கைக் காட்டினால் பின்னாலேயே வந்துவிடும், அது அவர்களுக்குள் இருந்த பழக்கம். வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய காட்டுமரம் இருந்தது. அதன் அடியில் கன்று நின்றது. மாமா அதைப் பிடிப்பதற்குள் கேட்டு மூடிவிட்டது. ரோந்துப் படை அந்த வழியாக வந்தது. மரத்தடியில் ஓர் ஆள், கையில் மங்கு, மங்கில் கஞ்சி. காட்டுக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோகிறவன் என்று சுட்டுவிட்டார்கள். அப்படித்தான் எழுதியும் வைத்தார்கள். மங்கு மட்டும் திரும்பி வந்தது, அடி நசுங்கி. கன்று தானாகவே மறுநாள் காலை கேட்டுக்கு வந்து நின்றது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, வயசுக்கு முன்னால் அடிபட்டுச் செத்தவர்களுக்கு அவர்கள் விழுந்த இடத்திலேயே இலை போட்டுச் சோறு வைக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் அவர்களுக்குப் போய்ச் சேராது. அத்தை சோறு பொங்கி, மங்கில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனாள். "தா போலே, காக்கா, தா போலே," என்றார் அங்கே நின்ற காவல்காரர், முடியாது அக்கா முடியாது என்று. வயசு இருபதுகூட இருக்காது அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார், ஆனாலும் விடவில்லை. ஒவ்வோர் அமாவாசையும் அத்தை போவாள். ஒவ்வோர் அமாவாசையும் அவர் அதையே சொல்வார். செத்தவருக்குச் சோறு என்று அதிகாரிகளிடம் சொன்னால் அவர்கள் சிரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குச் சோறு வெளியே போவதைத்தானே அவர்கள் தடுக்க நினைத்தார்கள்.

அப்போதுதான் அந்தக் கதை பிறந்தது. ஆறு மணிக்குக் கேட்டு மூடியதும் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அத்தை வீட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவோம். அவள் அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்வாள். குரலைத் தாழ்த்த மாட்டாள், கண்ணை உருட்ட மாட்டாள். மற்ற வீடுகளில் ரத்தக்காட்டேரிக் கதையும் தலைவிரிகோலமாக வரும் பெண்பேய்க் கதையும் கேட்டிருக்கிறோம். அவற்றையெல்லாம் கேட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடுவோம், மறுநாள் மறந்துபோகும். அத்தை கதை அப்படியில்லை. கேட்டுச் சங்கிலி இழுபடும் சத்தத்தோடு அது ஆரம்பிக்கும். நிஜமாகவே அந்தச் சத்தம் அப்போதுதான் எங்கள் காதில் விழுந்திருக்கும்.

"சங்கிலி போட்டாச்சா? இப்ப வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு வந்து நிப்பாரு. கையில மங்கு இருக்கும். காலி மங்கு. அடுப்புப் புகை மேல போகுதில்ல, அதையே பாத்துக்கிட்டு நிப்பாரு."

"கூப்பிடுவாரா அத்தை?"

"கூப்பிட மாட்டாரு. பேசினா குரல வச்சு யாருன்னு தெரிஞ்சிரும்ல. தெரிஞ்சா இங்க உள்ளவங்கள தொந்தரவு பண்ணுவாங்க. அதனால பேச மாட்டாரு. மங்க மட்டும் ஒரு தரம் கவுத்துக் காட்டுவாரு, ஒண்ணும் இல்லன்னு."

"அப்புறம்? அப்புறம் என்ன செய்வாரு?"

"ஒண்ணும் செய்ய மாட்டாரு. நிப்பாரு."

அவ்வளவுதான் கதை. முடிவு கிடையாது. அத்தை எழுந்து உலையில் அரிசி போடப் போய்விடுவாள். நாங்கள் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வேலிப்பக்கம் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் வராது. அத்தை கதையில் பேய் நம்மைத் துரத்தாது. அது பசியோடு வெளியே நிற்கிறது, நாம் உள்ளே சாப்பிடப் போகிறோம். பயம் அங்கேதான் இருந்தது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பயம் கூச்சமாக மாறிவிடும். பசித்தாலும் இரண்டாம் தரம் சோறு கேட்க எனக்கு வாய் வராது. இத்தனை வயதில் எத்தனையோ பேய்க்கதைகள் படித்துவிட்டேன். கேட்டவர்களைப் பேய்க்காக வருத்தப்பட வைத்த கதை வேறொன்றை நான் பார்க்கவில்லை. அது மாமா என்று எங்களுக்குத் தெரியும். அத்தை பேர் சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை.

கதை கேட்க வந்த கூட்டத்தில் பெரியவர் ஒருவரும் இருந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார். இளைஞர், கட்டையான ஆள், நல்ல குரல். அவர் பாடம் படித்தால் பின்வரிசைக் குறும்பன்கூட வாயை மூடிக்கொள்வான். கல்யாணமாகாதவர் என்பதால் அத்தையிடம் மாதக் கணக்கில் சாப்பாடு வைத்திருந்தார். கவிழ்த்துப் போட்ட பால்வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டு, எங்களைப் போலவே கதை கேட்பார். மங்கைக் கவிழ்த்துக் காட்டும் இடம் வந்தால் அவர் கண் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அத்தையும் பார்த்திருக்கிறாள். அதனால்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: கன்று, தவிடு, கஞ்சி, கேட்டில் நடக்கும் சோற்றுத் தகராறு எல்லாம். ஊரில் அவளுக்கு இருந்த ஒரே படித்த மனிதர் அவர்.

அப்போது அரசாங்கத்துப் பட வண்டி தோட்டம் தோட்டமாக வந்து திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டும். கொசுவை ஒழிப்பது, காட்டுக்காரர்களை ஒழிப்பது, இரண்டு வகைப் படம்தான். புதிதாக ஒரு படம் எடுக்கிறார்கள், தோட்டத்து ஜனங்களை வைத்தே எடுக்கப் போகிறார்கள், கதை தேடுகிறார்கள் என்று வாத்தியார் ஒரு நாள் சொன்னார். அத்தையின் கதையை அவர்களிடம் சொல்லிவிட்டாராம். அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். அத்தையே நடிக்க வேண்டுமாம்.

அத்தை முதலில் மாட்டேன் என்றாள். வாத்தியார் விடவில்லை. "அக்கா, இது படமா வந்தா பெரிய துரைங்க பாப்பாங்க, போலீசும் பாக்கும். மாமா கன்னுக்குட்டி புடிக்கப் போனவருதான்னு எல்லாருக்கும் தெரியும். வாயில சொன்னா கேக்கல, கண்ணால பாத்தா நம்புவாங்கல்ல?"

அத்தைக்கு வேண்டியது இரண்டே காரியம். மாமா பேரில் இருந்த பழி போக வேண்டும், அவர் விழுந்த இடத்தில் சோறு வைக்க வேண்டும். "சோத்த வெளிய கொண்டுபோக விடுவாங்களா வாத்தியாரே?" என்று கேட்டாள். படத்துக்காக அதற்கு அனுமதி வாங்கித் தருவதாக அவர் சொன்னார். "நீங்க சொல்ற மாதிரியேதான் எடுப்பாங்க அக்கா. நான் கூட இருக்கேன்ல." அப்படியானால் சரி என்றாள். அவளுக்குச் சினிமாவில் வரும் ஆசையெல்லாம் இல்லை.

படம் எடுக்க லோரியில் வந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் சொல்வார், வாத்தியார் அதைத் தமிழில் சொல்வார். அத்தை என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் வேலிக்குள் நின்று ஓரிடத்தில் கையை நீட்டிக் காட்டச் சொன்னார்கள். "மாமா எங்க விழுந்தாருன்னு காட்டுங்க அக்கா," என்றார் வாத்தியார். அத்தை மரத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். விரல் நடுங்கியது, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளைக்காரருக்கு மிகவும் திருப்தி. பிறகு கேட்டைத் திறந்தார்கள். அத்தை மங்கு நிறையச் சோறு எடுத்துக்கொண்டு, எத்தனையோ அமாவாசைகளாகத் தாண்ட முடியாத அந்தக் கோட்டைத் தாண்டி நடந்தாள். மரத்தடியில் தண்ணீர் தெளித்து, இலை போட்டு, சோற்றைக் கவிழ்த்து, மங்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அவளுக்கு அது நடிப்பே இல்லை, சடங்கு. படக்காரர்கள் அதைச் சுற்றிச் சுற்றி எடுத்தார்கள். அன்றைக்கு அங்கே இன்னொன்றும் நடந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். திரும்பி வந்ததும், இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கிறது என்று வாத்தியார் மங்கை இரவல் வாங்கிக்கொண்டு போனார், சில நாளில் திருப்பிக் கொடுத்தார்.

சில மாதம் கழித்துப் படம் வந்தது. திடலில் துணி கட்டினார்கள். அத்தை தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தாள். நான் அவள் மடியோரம். மாமா பேர் சுத்தமாகப் போகிற நாள் என்று அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

முதலில் உடுக்குச் சத்தம். கேட்டுச் சங்கிலியின் சத்தத்தில் ஆரம்பிக்கும் கதைக்கு யார் உடுக்கு அடிக்கச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வானத்தில் முழுநிலா. அத்தை கதையில் நிலாவே கிடையாது, அது நடப்பது சாயங்காலத்தில். வேலியோரம் வெண்புகை நகர்ந்தது. அது அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் நான் நியாயமில்லாதவள் ஆவேன். புகைக்குள்ளிருந்து பேய் வந்தது. முகமெல்லாம் மாவு பூசி, வெள்ளைத்துணி போர்த்தி, 'ஊ' என்று ஊளையிட்டது. திடல் முழுவதும் சிரிப்பு. பேசாத பேயை ஊளையிட வைத்ததோடு கதையின் உயிர் போய்விட்டது. அத்தை மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குப் பிறகு கன்று வரும் என்று அவள் காத்திருந்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. எங்களுக்குப் பாடம் சொன்ன குரல், அத்தை கைச் சோற்றைத் தின்ற வாயிலிருந்து வந்த குரல். 'இது நடந்த கதை' என்று ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்தின் பேரையும் சொன்னது. பேய்க்குப் பயந்த ஓர் அப்பாவிப் பெண், சட்டத்தை மீறி இரகசியமாகச் சோறு கொண்டுபோய் வைக்கிறாள் என்றது. திரையில் அத்தை கேட்டைத் தாண்டி நடந்தாள், இலை போட்டாள், மங்கை வைத்தாள். உடனே புதருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு மங்கைப் பறித்தது. இந்த மங்கை. துணியை விலக்கினால் உள்ளே தொப்பி வைத்த காட்டுக்காரன். 'பேயுமில்லை பிசாசுமில்லை, காட்டில் ஒளிந்த இவளுடைய கணவனேதான்' என்றார் வாத்தியார். அடுத்து அத்தையின் முகம் திரை நிறைய வந்தது. கை நீட்டிக் காட்டினாள், விரல் நடுங்கியது. 'நாட்டுக்காகத் தாலியையும் துறந்து காட்டிக்கொடுத்த வீரப்பெண்மணி' என்றார். துப்பாக்கி வெடித்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். பேய் செத்த நிம்மதி எல்லார் முகத்திலும் தெரிந்தது. பிறகு அந்தக் கைத்தட்டல் மெல்ல நின்று, ஒவ்வொருவராக அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நெருப்பை வாரித் தலையில் கொட்டியது போல இருந்தது என்று நான் சொல்லலாம். ஆனால் அப்போது எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. அத்தை பாயைச் சுருட்டினாள். கூட்டம் கலையும்வரை நின்றாள். வண்டிப் பக்கம் நின்றிருந்த வாத்தியாரிடம் போனாள். அழவில்லை, ஏசவில்லை.

"வாத்தியாரே, கன்னுக்குட்டி எங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "படம் சின்னப் படம் அக்கா. அதுக்கெல்லாம் எடமில்ல."

"எடமில்லையா," என்றாள் அத்தை. அவ்வளவுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாமா குற்றமற்றவர் என்பதற்கு அந்தக் கன்று ஒன்றுதான் சாட்சி. அது தோட்டத்தில்தான் இருந்தது. வளர்ந்து கொழுத்து அன்றைக்கும் மாட்டுக்கொட்டகையில் அசை போட்டுக்கொண்டிருந்தது. படத்தில் அதற்கு இடமில்லை.

அந்த வண்டி அதற்குப் பிறகு ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போனது, வடகிழக்கே ராசா என்ற ஊர் வரைக்கும் போனது. ராசாவில் மாமாவின் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். திடலில் உட்கார்ந்து, தங்கள் உடன்பிறப்பு காட்டுக்காரன் என்றும் அவனை அவன் பெண்டாட்டியே காட்டிக்கொடுத்தாள் என்றும் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். வருஷத் திதிக்கு ஒருவரும் வரவில்லை. அத்தை ஆள் அனுப்பினாள், போன ஆளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் லயத்திலேயே பெண்கள் குழாயடியில் அவள் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். யாருக்கு எந்தப் பக்கம் பயமென்று சொல்ல முடியாத காலம். காட்டிக்கொடுப்பவள் என்று சிலர் ஒதுங்கினார்கள். அவளைத் தேடிக் காட்டிலிருந்து ஆள் வரும் என்று சிலர் ஒதுங்கினார்கள். தோட்டத்துத் துரை மட்டும் அவளை ஆபீசுக்கு வரச்சொல்லிக் கை கொடுத்தார். அந்தக் கையை அவள் வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியதை நான் பார்த்தேன்.

கதை நின்றுபோனது. பிள்ளைகள் சிலர் பழக்கதோஷத்தில் பின்கட்டுக்குப் போய், பேய்க்கதை சொல்லுங்கள் என்றார்கள். "அதான் படத்துல பாத்தீங்களே," என்றாள் அத்தை. அதோடு சரி, அதற்கப்புறம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகள் திடலில் படத்தையே விளையாடினார்கள். ஒருவன் ஊளையிடுவான், ஒருத்தி கையை நீட்டுவாள், மற்றவர்கள் சுடுவார்கள். ஆனால் சங்கிலிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அத்தை அடுப்படியிலிருந்து எழுந்து மறுபடியும் வேலிப்பக்கம் பார்க்க ஆரம்பித்தாள். படம் எடுத்த நாளிலிருந்து அவள் விட்டிருந்த பழக்கம் அது. ஒரு தடவை, என்ன அத்தை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "திரும்ப வந்துட்டாரு," என்றாள். சாகும்வரை அந்த நேரத்தில் எங்கே இருந்தாலும் அவள் பார்வை வாசலுக்குப் போகும். வேலியைப் பிடுங்கி எறிந்து வெகுகாலம் ஆன பிறகும் போனது.

வாத்தியார் அந்த ஆண்டே தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். நல்ல குரலுக்கு அங்கே நல்ல வேலை இருந்தது. பல வருஷம் கழித்து ராசாவில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அத்தை அப்போது உயிரோடு இல்லை. வாத்தியாருக்குத் தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. நானே போய் என்னை இன்னார் என்று சொன்னேன். அவருக்கு என் அத்தையை ஞாபகமிருந்தது. அவள் கைச்சோற்றின் ருசிகூட ஞாபகமிருப்பதாகச் சொன்னார்.

"அந்தப் படத்த ஏன் சார் அப்படி எழுதினீங்க?"

"நான் எழுதலேன்னா வேற ஒருத்தன் எழுதியிருப்பான்மா. அந்தக் காலம் அப்படி. முடியாதுன்னு சொல்லியிருந்தா என்னையும் புடிச்சு உள்ள வச்சிருப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, வகுப்பில் விளக்குகிற மாதிரியே சொன்னார்: "அதோட, படம்னா ஒரு முடிவு வேணும்ல. உங்க அத்தை கதையில முடிவே இல்ல. நின்னாரு, நின்னாருன்னா எப்படி?"

பயந்தேன் என்றதை நான் நம்பினேன். அதற்காக அவரை மன்னித்தும் இருப்பேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லையே. கதையில் குறை இருந்ததாம், அவர் சரி செய்தாராம்.

"முடிவு இருந்துச்சு சார்," என்றேன். "நீங்க லோரியில உக்காந்திருந்தீங்க." அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள், அவர் சாப்பிடப் போய்விட்டார்.

இப்போது அந்தப் படம் என் கைப்பேசியிலும் இருக்கிறது, மகள்தான் ஏற்றிக் கொடுத்தாள். முதல் நாள் கவிழ்த்து வைத்தவள், இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ஒலியை அடைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். உடுக்கு இல்லாமல், வாத்தியார் இல்லாமல். அப்போது அத்தை அவள் கதைக்குள்ளேயே நடந்து போகிறாள். இலையில் சோற்றைக் கவிழ்க்கும்போது அவள் உதடு அசைவது தெரிகிறது. அந்த இடத்தில் நாட்டுக்கு எதிரான குற்றம் என்று குரல் சொல்லிக்கொண்டிருக்கும். குரலை அடைத்தால், 'வாங்க, சாப்பிடுங்க' என்று அவள் சொல்வதை உதட்டிலேயே படிக்கலாம். இலை, சோறு, பக்கத்தில் நீல விளிம்பு மங்கு. அங்கே நிறுத்திவிடுவேன். புதரிலிருந்து அந்தக் கை வர நான் விடுவதில்லை.

ஏனென்றால் அன்றைக்கு அங்கே எந்தக் கையும் வரவில்லை. நடந்தது இதுதான். எடுத்து முடித்ததும் படப்பெட்டியை மூடினார்கள். எல்லாரும் லோரியில் ஏறினார்கள், வாத்தியாரும் ஏறி ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தை மட்டும் மரத்தடியை விட்டு நகரவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். ஓர் உயிர் வந்து அந்தச் சோற்றைத் தொடவேண்டும், அதுவரை படைத்தவள் போகக் கூடாது. ஹாரன் அடித்தார்கள். "அக்கா, நேரமாச்சு, வாங்க," என்று வாத்தியார் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். காவலுக்கு வந்திருந்தவர், கேட்டில் அத்தனை அமாவாசையும் சோற்றை மறித்த அதே மலாய் இளைஞர். அவர் மெல்ல அத்தை பக்கம் வந்து, "உந்தோக் சியாப்பா?" என்று கேட்டார். யாருக்கு இந்தச் சோறு என்று.

"சாயா பூஞா லாக்கி," என்றாள் அத்தை. என் புருஷனுக்கு.

அவர் இலையைப் பார்த்தார், மங்கைப் பார்த்தார். மாமா விழுந்த அன்று கேட்டைப் பூட்டியது அவராகக்கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது. திரும்பவும் ஹாரன் அடித்தது. அவர் லோரியை நோக்கி ஒரு கையைத் தூக்கி, "துங்கு டூலு," என்றார், கொஞ்சம் பொறுங்கள் என்று. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு நின்றார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். வெகுநேரம் கழித்துக் கிளையிலிருந்து ஒரு காகம் இறங்கியது. தத்தித் தத்தி வந்து சோற்றில் வாய் வைத்தது.

அத்தை குனிந்து மங்கை எடுத்துக்கொண்டாள். கேட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, என் தலைமேல் கையை வைத்து, "இனிமே வந்து நிக்க மாட்டாரு," என்றாள்.